உதயகுமரன் கொண்டது காதலா?

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை முப்பது காதைகளையுடையது. 1898ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தபின், அறிஞர் பலர் அதன் சமயக் கருத்துக்களையே பெரிதும் ஆராய்ந்தனர். சுருவில், வேலணை, புங்குடுதீவு முதலிய தீவகத்து ஊரவர்க்கு அந்நூல் பிறிதொரு வகையாலும் உரியது. மணிபல்லவம் நயினாதீவே என்பார் கூற்று இன்னும் ஆராய்ச்சிக்குரியதாயினும், அது தீவகத்தாரை அக்காப்பியத்தின்பால் ஈர்ப்பதாயிற்று. எனினும் சமயமும் இடமும் போலவே ஆராயத்தக்கது சோழ இளவரசன் உதயகுமரனின் உள்ளமாகும்.

உதயகுமரன் கயவனல்லன்; மதங்கொண்ட யானையை அடக்கிய வீரன். யானையை அடக்கியவன், பெண்ணுள்ளமும் அவ்வாறே அடங்குமென எண்ணித் தேரேறி உவவனம் புகுந்தான் போலும். மணிமேகலை பளிக்கறையுள் இருந்தாள். பளிங்கு உருவைக் காட்டும், உள்ளத்தைக் காட்டாது. அவ்வுருவைக் கண்ட அளவில் அவன் நிறைவுற்றான். அவள் விருப்பம் யாதென அவளை வினவினானல்லன். சுதமதியோடு பேசி, சித்திராபதி வாயிலாக அவளை அடையலாமெனத் துணிந்து மீண்டான். பாட்டியிடம் பெறத்தக்க பொருளாக ஒருத்தியை மதிப்பது வேட்கையாகுமன்றிக் காதலாகாது.

முற்பிறப்பில் அவன் இராகுலன், அவள் அவன் மனைவி இலக்குமி. ஆகலின் அவன் உணர்ச்சி காதலே எனச் சிலர் கூறலாம். அது பொருந்தாது. பழைய தொடர்பு ஈர்ப்பு எழுந்த காரணத்தைக் கூறுமேயன்றி அதன் தகுதியைக் கூறாது. அத்தொடர்பு மணிமேகலைக்கும் உண்டு. தன்னை விலைமகளென இகழ்ந்தவன் பின்னே தன் நெஞ்சம் சென்றதை அவள் மறைக்கவில்லை. காமத்தின் இயற்கை இதுதானோவென வியந்து, அஃதாயின் அதன் வலி கெடுகவென்றாள். வேட்கை இருவர்க்கும் ஒன்றே. அவள் அதனை ஆராய்ந்தாள்; அவன் அதற்குக் காதலெனப் பெயரிட்டு அதன்வழிச் சென்றான். வள்ளுவர் இன்பத்துப்பாலில் காமம் என்னும் சொல்லை இழிவின்றியே ஆள்கின்றார். ஆதலின் குற்றம் வேட்கையில் இல்லை. பிறர் உள்ளத்தை மதியாத வேட்கையிலேயே உள்ளது.

அவள் காயசண்டிகை வடிவு கொண்டபோது இவ்வுண்மை வெளிப்படுகின்றது. பசித்தோர்க்கு அமுதசுரபியால் உணவளிக்கும் அருட்செயல் மாறவில்லை, உருவமே மாறியது. உருவையே நாடிய உதயகுமரன் முதலில் மயங்கினான். பின்னர் ஐயுற்று, அதனைத் தெளிய நள்ளிரவில் அம்பலம் புகுந்தான். நரைமூதாட்டியைக் காட்டி யாக்கையின் நிலையாமையை அவள் உணர்த்தியதும் பயன்படவில்லை. காயசண்டிகையின் கணவன் காஞ்சனனும் அவ்வுருவையே மெய்யெனக் கொண்டு, பொறாமையால் உதயகுமரனை வாளால் வீழ்த்தினான். உருவை நம்பிய இருவருள் ஒருவன் மாண்டான், மற்றவன் கொலைஞனானான்.

அவன் இறந்தபின் மணிமேகலை அழுதாள். அவ்வழுகையை வலுவின்மையெனக் கொள்ளுதல் பிழை. பெறவேண்டுவது ஒன்றுமில்லாதபோதும் பிறர்க்காக நெகிழ்வதே அன்பு. உதயகுமரன் உயிரோடிருந்தவரை உணராத அக்காதலின் இலக்கணத்தை, அவன் உடலின்முன் நின்று அவளே உணர்த்தினாள். ஈர்ப்பனைத்தையும் காதலென மயங்கும் இளம்பருவத்தார் இக்காதைகளைச் சமயநூலாக மட்டுமன்றி, நெஞ்சைச் சோதிக்கும் நூலாகவும் பயில்வாராக.