பத்து மணிக்கே தர்க்கம் வேண்டும்

‘வள்ளி திருமண’த்தைப் பக்தி நாடகம் என்றே பேசிப் பழகிவிட்டோம். மேடைக்கு முன் பாய் விரித்து உட்கார்ந்தவர்களுக்கு அது நகைச்சுவை நாடகம். வள்ளியின் உறவினர் வந்ததும் வேலன் வேங்கை மரமாகி நிற்கிறான். பிறகு கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கித் தின்று விக்குகிறான். காதலில் அசடு வழியும் கடவுளைப் பார்த்து ஊரே சிரிக்கிறது.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய இந்நாடகத்தை விஸ்வநத்தத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கோயில் பொங்கலின்போது பார்த்து வளர்ந்தவள் நான். இது ஸ்பெஷல் நாடகம். நிலையான குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அழைக்கிறார்கள். ஒத்திகை இல்லை. இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை நடக்கும்.

அந்த ஓர் இரவுக்குள் இரண்டு வகைச் சிரிப்பு உண்டு. முதலில் பபூனும் டான்ஸ் நடிகையும் வருகிறார்கள். தெருவில் தனியாக வந்த பெண் என்பதே அங்கே நகைச்சுவைக்குப் போதுமான காரணம். இந்தக் காட்சிகளையும் நடிகைகள் சுமக்கும் அவப்பெயரையும் சூசன் சைசர் 2005இல் வெளியான தம் ஆய்வு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இரண்டாவது சிரிப்பு நள்ளிரவு தாண்டி வருகிறது. தினைப்புனத்தில் நாரதரோடும் வேலனோடும் வள்ளி தர்க்கம் செய்கிறாள். கேள்விக்குக் கேள்வி, பாட்டுக்குப் பாட்டு. ஒலிபெருக்கியில் ஒரு பெண் ஆணை மடக்குகிறாள், ஊர் கைதட்டுகிறது. ஊர்க்கூட்டத்தில் பெண் வாய் திறந்தால் அதே ஊர் கைதட்டுமா?

அந்த நேரத்தில் எங்கள் பெண்களில் பலர் மைதானத்தில் இருப்பதில்லை. விடிந்தால் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போக வேண்டும். அதற்கு முன் தண்ணீர் பிடித்துச் சோறு பொங்க வேண்டும். ஆகவே பெண்ணைச் சிரிக்கும் சிரிப்பைக் கேட்டுவிட்டு, பெண் சிரிக்கவைக்கும் சிரிப்பைக் கேட்காமல் வீடு திரும்புகிறார்கள்.

நாடகத்தின் முடிவையும் கவனியுங்கள். வள்ளி வாதத்தில் தோற்பதில்லை. யானையை வரவழைத்து அவளைப் பயமுறுத்துகிறார்கள். அவள் கிழவனிடம் அடைக்கலம் புகுகிறாள். அது சம்மதம் ஆகிறது. ஷேக்ஸ்பியரின் ‘அடங்காப்பிடாரி’ காத்தரீனாவைப் பட்டினி போட்டு, தூங்கவிடாமல் பணியவைக்கிறார்கள். சொல்லால் வெல்ல முடியாத பெண்ணை உடம்பின் வழியாக வெல்வது நகைச்சுவை நாடகங்களின் பழைய தந்திரம்.

சுவாமிகளைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று கொண்டாடுகிறோம், தகும். ஆனால் தர்க்கத்தின் வசனத்தை அந்தந்த இரவில் மேடையிலேயே உண்டாக்குபவள் ஸ்திரீபார்ட் நடிகை. அவளை ஆசிரியர் என்று நாம் சொல்வதில்லை. 1933இல் வந்த ‘வள்ளி திருமணம்’ படத்தில் நடித்த டி.பி. ராஜலக்ஷ்மி, 1936இல் தாமே எழுதிய கதையை ‘மிஸ் கமலா’வாக இயக்கினார். வள்ளியாக நின்றவர்களுக்குச் சொந்தச் சொல் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

மாணவிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அடுத்த பொங்கலுக்குத் தர்க்கத்தைப் பதிவு செய்யுங்கள், நடிகையின் பெயரை அவர் சம்மதத்தோடு ஆசிரியர் என்றே எழுதுங்கள். விழாக் கமிட்டியாரிடம் கேட்பதும் ஒன்றுதான்: பபூன் பின்னால் வரட்டும். வள்ளி பத்து மணிக்கே பேசட்டும்.