பலாப்பழம் உரித்த விரலும் சுகர் மெஷினும்

ஆலங்குடிப் பக்கம் வடகாட்டில் பலா சீசன் முடிவதற்குள் இந்தச் சுகர் மெஷினைப் பற்றி எழுதிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து ஆறு வாரமாகிறது. ஐந்து விநாடியில் விடை, போனோடு இணைப்பு, பழைய அளவுகளின் பட்டியல் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறது. நான் சொல்ல வந்தது அது அம்மாவுக்கு 341 காட்டிய கதை.

மாலை நான்கு மணி. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஒரு முழுப் பழத்தை உரித்து முடித்திருந்தாள். ஒரு சுளையைக்கூட வாயில் போடவில்லை என்று சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு விரலை நீட்டினாள்: 341. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து மறுபடி குத்தினேன்: 290. தாகமில்லை, நாக்கு வறளவில்லை என்றாள். அதை வைத்தும் மெஷினைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டினால் சிறுநீரில் கசியத் தொடங்கும், கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும், அதனால்தான் தாகம். ஆனால் 300இலும் ஒன்றும் தெரியாமல் நடமாடுகிறவர்கள் நிறைய உண்டு.

கடைசியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். 168.

"ஏம்ப்பா, மெஷினும் பலாப்பழம் திங்குமோ?" என்றாள்.

தின்னத்தான் செய்கிறது. ஸ்ட்ரிப் உறிஞ்சும் ரத்தம் அரை மைக்ரோலிட்டர் அளவுதான். சர்க்கரை 100 இருக்கும்போது அந்தத் துளியில் உள்ள குளுக்கோஸ், ஒரு கிராமில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு. ஸ்ட்ரிப்பில் இருக்கும் நொதிக்கு அது ரத்தத்திலிருந்து வந்ததா, பழத்திலிருந்து வந்ததா என்ற பேதம் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத சாற்றுப் பூச்சு போதும், எண் எகிறிவிடும். 2011இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில் ஆரஞ்சு, திராட்சை, கிவி உரித்த விரல்களிலேயே இது நடந்திருக்கிறது. ஸ்பிரிட் போதவில்லை, குழாய்த் தண்ணீர்தான் சரிசெய்தது. பலாப்பாலும் எண்ணெயும் படிந்த விரலில் ஸ்பிரிட் என்ன கிழிக்கும்?

என் கோபமெல்லாம் திரையின் மேல்தான். அளவு கூடினால் சிவப்பில் ஒரு அழுமூஞ்சி வருகிறது. அந்த இடத்தில் "கை கழுவினீர்களா?" என்று ஒரு வரி போட்டால் என்ன? அதைக் கையேட்டில் பொடி எழுத்தில் புதைத்திருக்கிறார்கள். இன்சுலின் போடுகிறவர் பொய்யான 341ஐ நம்பி இரண்டு யூனிட் கூட்டிப் போட்டால், ராத்திரி சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழவும் கூடும்.

ஸ்ட்ரிப் டப்பாவில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று இருக்கிறது. மே மாதத்து ஆலங்குடியில் எங்கே கொண்டுபோய் வைப்பது? ஃபிரிட்ஜுக்குள்ளும் வைக்கக் கூடாதாம். மண்பானைக்குப் பக்கத்தில், ஈரம் படாமல் வைத்திருக்கிறேன். இன்னொன்று: எந்த மெஷினுக்கும் நூற்றுக்குப் பதினைந்து கூடக் குறைய இருக்கத் தரவிதியே இடம் தருகிறது. உண்மையில் 200 இருந்தால் மெஷின் 170ஆகவும் காட்டலாம், 230ஆகவும் காட்டலாம். லேப் ரிப்போர்ட்டோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

அன்று ராத்திரி அம்மா நாலு சுளை சாப்பிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து, கழுவிய கையில் 262. அதற்கு மெஷினைத் திட்ட முடியாது.

வாங்கலாம், ஸ்ட்ரிப் விலையை முதலில் கேளுங்கள், ஒன்று ஒரு டீயைவிடக் கூடுதல். கை கழுவித் துடைத்த பிறகும் 300க்கு மேலேயே நின்றால் டாக்டருக்குப் போன் போடுங்கள்.