மலையைச் சுற்றி ஒரு சனி, ஞாயிறு

இரண்டு நாள் விடுப்பில் எங்கே போகலாம் என்று சென்னையில் கேட்டால் புதுச்சேரி என்பார்கள், ஏலகிரி என்பார்கள். நான் திருவண்ணாமலை என்பேன். சாமி கும்பிடுகிறவர்கள் எப்படியும் போய்விடுவார்கள். கும்பிடாதவர்களும் போக வேண்டும். தமிழ்நாட்டில் இத்தனை உயிரோட்டமுள்ள இன்னொரு ஊரை நான் பார்த்ததில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கும் அங்கே தெருவில் டீ கிடைக்கும், பேச ஆள் கிடைக்கும், நடக்கத் துணை கிடைக்கும்.

காரிலோ பஸ்ஸிலோ போனால் சுமார் 190 கிலோமீட்டர். திண்டிவனத்தில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பியதுமே கண்ணுக்கு விருந்துதான். செஞ்சியில் ராஜகிரிக் கோட்டையும் கிருஷ்ணகிரிக் கோட்டையும் பாறை பாறையாக எழுந்து நிற்கின்றன. கீழ்பென்னாத்தூர் தாண்டி நெல்வயல்களுக்கு அப்பால் அண்ணாமலை தெரிந்தபோது, என்னோடு வந்த அக்கா பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டாள். சுற்றிலும் சமவெளி, நடுவே தன்னந்தனியாக ஒரு மலை. அந்த முதல் தோற்றத்துக்காக மட்டுமே கூட இன்னொரு முறை போவேன்.

சனிக்கிழமை மாலை அண்ணாமலையார் கோயிலுக்குள் நுழைந்தோம். கிழக்கே ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த வேலை. ஆனால் என் மனத்தை அள்ளியது வடக்குக் கோபுரம். அம்மணி அம்மாள் என்ற பெண் துறவி வீடு வீடாக யாசித்துக் கட்டி முடித்தார் என்பது ஊர் சொல்லும் வரலாறு. பேரரசர் எழுப்பியதும் பிச்சையெடுத்த பெண் எழுப்பியதும் ஒரே மதிலில் நிற்கிற கோயிலை வேறு எங்கே பார்ப்போம்! உள்ளே வல்லாள மகாராஜா கோபுரம் இருக்கிறது. பிள்ளையில்லாத அந்த ஹொய்சள மன்னருக்கு அண்ணாமலையாரே மகனாக நின்று, இன்றும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய்த் திதி கொடுக்கிறார். அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்னரே மறைந்த ஒருவரின் திதியை ஒரு ஊரே மறக்காமல் நடத்துகிறது.

இந்த ஊரில் சாமி வீட்டுக்காரர் மாதிரிதான். தை மாதத்தில் சிவனும் அம்மனும் தெருவில் வைத்தே சண்டை போட்டுக்கொள்வார்கள். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்விட, சாமி தனியாக மலையைச் சுற்றப் போவார். மறுநாள்தான் சமாதானம். அந்த ஊடலின் பெயரில் திருவூடல் தெரு என்று ஒரு தெருவே இருக்கிறது. அங்கே நின்று அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் விட்டுப்போன விவரங்களையெல்லாம் சேர்த்துச் சொன்னார். நேற்று அடுத்த வீட்டில் நடந்த சண்டையைச் சொல்கிற உற்சாகம் அந்தக் குரலில்!

தேரடி வீதியில் தமிழுக்குச் சமமாகத் தெலுங்கு கேட்கிறது. ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கடைப் பலகைகளும் தெலுங்கு பேசத் தொடங்கிவிட்டன. செங்கம் சாலைப் பக்கம் போனால் வேட்டி கட்டிய வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் போகிறார்கள். எழுத்தாளர் பவா செல்லதுரை கதை சொல்லும் ஊரும் இதுதான், வம்சி பதிப்பகத்தின் புத்தகங்கள் வெளிவரும் ஊரும் இதுதான். ஆன்மிகம் மட்டும் என்று நினைத்து இந்த ஊரை விட்டுவிடுகிற வாசகர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இரவு ஒன்பதரை மணிக்குக் கிரிவலம் தொடங்கினோம். 14 கிலோமீட்டர், செருப்பில்லாமல். வழியெங்கும் லிங்கச் சன்னதிகள். இந்திர லிங்கம், அக்னி லிங்கம் வரை ஊர்ச் சந்தடி. எம லிங்கம் தாண்டிச் செங்கம் சாலையை விட்டு வலப்புறம் திரும்பியதும் மரங்கள் சூழ்ந்த பாதை. இங்கே மலை செய்கிற வித்தையைச் சொல்லியே ஆக வேண்டும். ஊருக்குள்ளிருந்து பார்த்தால் ஒற்றைச் சிகரம். நடக்க நடக்க அது அகல்கிறது, சாய்கிறது, இரண்டாகப் பிரிகிறது. குபேர லிங்கம் தாண்டிப் போனால் ஐந்து முகமாக நிற்கிறது. அரைத் தேய்பிறை நிலவில் பார்த்தும் இதுவா அந்த மலை என்று திகைத்தேன்.

அடி அண்ணாமலை அருகே சுக்குக் காபிக் கடை. வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, கூம்பாகச் சுற்றிய தாளில் கொட்டிக் கொடுத்தார் ஒரு பாட்டி. நாங்கள் வாங்கிக்கொண்டே நடக்கப் பார்த்தோம். "இன்னா அவசரம் சாமி? குந்திட்டுப் போங்க. மலை எங்கியும் பூடாது" என்றார். குந்தினோம். எதிரே ஒரு தாத்தா பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். கல்லூரிப் பையன்கள் சிரித்தபடி போனார்கள். ஒரு பெண் நெற்றியில் கைகூப்பி, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு தனியாகப் போனாள். இந்த நடுராத்திரியில் ஒரு பெண் தனியாக, பயமில்லாமல்! அதைப் பார்த்ததில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை எழுதிக் காட்ட முடியாது.

ஞாயிறு விடியலில் ரமணாசிரமத்தின் பின்வாசல் வழியாகக் கந்தாசிரமத்துக்கு ஏறினோம். கல் பாவிய பாதை, இருபுறமும் மரங்கள், குரங்குகள். பாதை வளைகிற ஓரிடத்தில் ஊர் முழுவதும் காலடியில் விரிகிறது. அத்தனை பெரிய கோயில், ஒன்பது கோபுரங்களோடு, கோலம் போட்ட முற்றமாகத் தெரிகிறது. காலை வெயில் ஒவ்வொரு கோபுரமாக ஏறுவதை அங்கே பாறையில் உட்கார்ந்து பார்த்தோம். மதுரையிலிருந்து பதினாறு வயதில் கிளம்பி 1896 செப்டம்பர் 1 அன்று இங்கே வந்து சேர்ந்த வேங்கடராமன் என்ற பையன்தான் பின்னாளில் ரமணர். 1950இல் மறையும்வரை அவர் இந்த மலையை விட்டுப் போகவே இல்லை. படித்தபோது வியந்தேன், அந்தப் பாறையில் உட்கார்ந்தபோது புரிந்தது. அவர் 1899 முதல் தங்கிய விருபாட்ச குகைக்குள் போய்க் கண்ணை மூடினால் நம் மூச்சு நமக்கே கேட்கும். கீழே ஆசிரமத்தில் மயில்கள் அகவுகின்றன. அவர் வளர்த்த பசு லட்சுமிக்கும் அங்கே சமாதி உண்டு.

நேரம் இருந்தால் சாத்தனூர் அணைக்கும் போகலாம். தென்பெண்ணையின் குறுக்கே கட்டியது, நல்ல இடம். நாங்கள் போகவில்லை. மலையை விட்டு நகர மனம் வரவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் லட்சக்கணக்கில் கூட்டம் வரும். அது வேறொரு பேரனுபவம். ஆனால் முதல் முறை போகிறவர்கள் சாதாரணச் சனிக்கிழமையாகப் பாருங்கள். இரவில் நடங்கள், வெயிலில் தார்ச்சாலை காலைச் சுட்டுவிடும். காலையில் மலையேறுங்கள். கோயில் நடை மதியம் சாத்துவார்கள், அதற்குத் தகுந்தபடி திட்டமிடுங்கள். கார் இல்லாதவர்களுக்கும் கவலையில்லை: 2024 மே மாதத்திலிருந்து சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வேலூர் வழியாக நேரடி ரயில் ஓடுகிறது. தொடங்கியபோது கட்டணம் 50 ரூபாய். மாலையில் ஏறினால் நள்ளிரவில் ஊர் வந்துவிடும். இறங்கியதும் நேராக நடக்கத் தொடங்கிவிடலாம்.