வழிவிட்டுக் கேட்கும் செவி

தோலின் மேல் லேசர் ஒளி விழுகிறது, சில நானோ நொடிகளுக்கு மட்டும். உள்ளே ஓடும் குருதியின் ஹீமோகுளோபின் அதை உறிஞ்சிக்கொள்கிறது. ஏறும் சூடு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்தச் சூடே ஏறக்குறைய 800 பாஸ்கல் அழுத்தத்தைக் கிளப்பி, இரத்தக் குழாயை ஒலிக்க வைத்துவிடுகிறது. ஒளி பட்டால் பொருள் ஒலிக்கும் என்று 1880இல் கண்டு சொன்னவர் கிரகாம் பெல். தொலைபேசிக்காரர் காது சும்மா இருக்குமா!

நான் சொக்கிப்போனது அந்த ஒலியைக் கேட்கும் கருவியில். நன்றாகக் கேட்க உணரியைத் தோலோடு ஒட்டி வைக்க வேண்டும். வைத்தால் ஒளி உள்ளே போக வழியில்லை. அழுத்தத்தை மின்சாரமாக மாற்றும் வழக்கமான பீசோமின் உணரிகள் ஒளியை மறைப்பவை. நுணுக்கத்துக்காகச் சிறிதாக்கினால் அவற்றின் காதும் மந்தமாகும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பால் பியர்டு குழுவினர் கையாண்டது ஒரு பாலிமர் படலம். தடிமன் 40 மைக்ரான் அளவு, தலைமுடியைவிட மெலிது. நயமெல்லாம் அதன் இருபுறப் பூச்சில் இருக்கிறது. 600 முதல் 1200 நானோமீட்டர் வரையிலான ஒளிக்கு அது சன்னல்; 1550ஐ ஒட்டிய ஒளிக்கு முகம் பார்க்கும் கண்ணாடி. குருதியைத் தட்டியெழுப்பும் லேசர் தடையின்றிப் புகுந்து போகிறது. வேவு பார்க்க வந்த, 1550ஐ ஒட்டிய இரண்டாம் லேசரோ இரு கண்ணாடிகளுக்கு நடுவே சிக்கி, முன்னும் பின்னும் அலைகிறது. ஒலி வந்து படலத்தை அணுவின் பருமனுக்கும் குறைவாக அமுக்கினாலும், திரும்பிவரும் ஒளியின் அளவு மாறிவிடும். இரண்டாம் லேசர் படலத்தில் விழும் ஒளிப்புள்ளிதான் காது. புள்ளியைச் சுருக்கினாலும் பீசோமின் உணரியைப் போல மந்தமாவதில்லை.

கேட்டதைப் படமாக்கும் கணக்கும் ரசிக்கத் தக்கது. திசுவில் ஒலி மைக்ரோ நொடிக்கு 1.5 மில்லிமீட்டர் நகரும். எனவே வந்துசேர்ந்த நேரமே தொலைவு. பதிவானதைக் கணினியில் கடைசியிலிருந்து ஓட்டினால், அலைகள் வந்த வழியே திரும்பி, பிறந்த இடத்தில் கூடுகின்றன. அலைச் சமன்பாட்டுக்கு முன்னே பின்னே என்ற பேதம் கிடையாது.

குறையும் உண்டு. படலம் தட்டை, ஒரு பக்கம்தான் கேட்கும். செங்குத்தாக ஆழம் நோக்கி இறங்கும் குழாயின் ஒலி பெரும்பாலும் பக்கவாட்டில் போய்விடுவதால் படத்தில் அது மங்கும், அல்லது காணாமலே போகும். இப்படியொரு படம் உங்கள் கண்ணில் பட்டால், நடுவில் அறுந்து நிற்கும் கிளையைக் கண்டு குருதி அங்கே நின்றுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். குழாய் கீழே திரும்பியிருக்கக் கூடும்.