தப்பான விடையை வாங்கிக்கொள்ளும் நயம்

கணினிவழிப் பாடம் எது கையில் கிடைத்தாலும், முதலில் வேண்டுமென்றே தப்பாக ஒரு விடை கொடுத்துப் பார்ப்பேன். சரியான விடைக்குச் ‘சபாஷ்’ போட யாராலும் முடியும். தப்பை வாங்கிக்கொள்ளும் இடத்தில்தான் செய்தவரின் கைவண்ணம் தெரியும். அலுவலகங்கள் ஆண்டுதோறும் கட்டாயமாக முடிக்கச் சொல்லும் பயிற்சிகளில் முக்கால்வாசி இங்கேயே தோற்றுவிடும்: ‘தவறு, மீண்டும் முயல்க.’ நாற்பது வயது ஆளிடம் பேசுகிற பேச்சா இது?

இந்த ரசனையில் எனக்கு உரைகல் பழைய ‘பிளேட்டோ’தான். 1960இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்ஸர் தொடங்கிய கணினிக் கல்வி அமைப்பு அது. அவருடைய மனைவி மேரியன் பிட்ஸர் ஒரு செவிலியர். அறுபதுகளின் தொடக்கத்திலேயே செவிலியர் மாணவிகளுக்காக, மாரடைப்பு நோயாளியைப் பராமரிப்பது பற்றி அதில் ஒரு பாடம் செய்தார். விரிவுரை கிடையாது. நோயாளிக்கு என்ன ஆகிறது என்று மாணவியே கேட்டு, சிகிச்சை செய்து பார்த்து, விளைவிலிருந்து கற்க வேண்டும். கருவி கணவருடையது, நோயாளியை அறிந்த கண் மனைவியுடையது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பாடம் பிறந்திருக்காது.

1967இல் பால் டென்சர் என்ற விலங்கியல் ஆய்வு மாணவர் பிளேட்டோவில் பாடம் எழுதுவதற்காக ‘டியூட்டர்’ என்ற நிரல் மொழியை உருவாக்கினார். நிரல் எழுதத் தெரியாத ஆசிரியரும் பாடம் எழுதலாம். அதில் நான் சொக்கிப்போவது விடையைச் சோதிக்கும் கட்டளையில். விடை ‘செங்கோண முக்கோணம்’ என்று வைத்துக்கொள்வோம். ‘இது’, ‘ஒரு’, ‘வடிவம்’ போன்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாதகமில்லாத சொற்களை ஓர் அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். ஒரே பொருள் தரும் சொற்களை இன்னொன்றுக்குள். மாணவர் தன் பாணியில் வாக்கியமாகவே எழுதலாம். எழுத்துப்பிழை என்றால் அந்தச் சொல்லின் கீழே கோடு விழும். சொல் விடுபட்ட இடத்தில் சின்ன முக்கோணம். வரிசை மாறியிருந்தால் அம்புக்குறி. ‘தெரிந்திருக்கிறது, எழுதும்போது கொஞ்சம் தடுக்கிவிட்டது’ என்று பதமாகச் சொல்லும் ஆசிரியரின் சிவப்பு மையேதான்.

இந்த வேலையைத் தனியாள் செய்ய முடியாது. பேராசிரியருக்குச் சரியான விடை தெரியும். எத்தனை விதமாகத் தவறலாம் என்பது மாணவருக்குத்தான் தெரியும்! ஆசிரியர் எதிர்பாராத விடைகளைப் பிளேட்டோ சேகரித்துக் கொடுத்தது. அவற்றைப் பார்த்துப் பாடத்தைத் திருத்தினார்கள். மாணவர் பாடத்தின் நடுவிலேயே தன் கருத்தை எழுதி அனுப்பலாம். நிரலில் சிக்கிக்கொண்ட ஆசிரியர், வேறோர் இடத்தில் இருக்கும் நிபுணருக்குத் தன் திரையை அப்படியே காட்டி, அடியில் இரண்டு வரியில் உரையாடலாம். 1973இல் டேவிட் உல்லி என்ற பதினேழு வயதுப் பையன் எழுதிய ‘நோட்ஸ்’ நிரல், குறைகளையும் யோசனைகளையும் பொதுவில் எழுதி வைக்க இடம் கொடுத்தது.

1972இல் வந்த பிளேட்டோ 4இன் ஆரஞ்சு நிறத் திரையில் நொடிக்குச் சுமார் 180 எழுத்துகள்தான் விழும். அந்த நெருக்கடி எழுதுபவரின் நாவை அடக்கியது என்பது என் எண்ணம். விசைப்பலகையில் ‘உதவி’க்கென்றே தனி விசை. அழுத்தினால் விளக்கத்துக்குப் போய், முடிந்ததும் விட்ட கேள்விக்கே திரும்பலாம். பெரியவர்களுக்குப் பாடம் செய்கிறவர்கள் இந்த ஒன்றையாவது திருடியிருக்கலாம். தெரியாததை யாருக்கும் தெரியாமல் கேட்டுக்கொள்ள வளர்ந்தவர்களுக்கு ஒரு கதவு வேண்டும்.

பிளேட்டோவில் எல்லாமே மாணிக்கம் என்று சொல்ல மாட்டேன். பாடநூலைப் பக்கம் பக்கமாகத் திரையில் ஒட்டியவர்களும் உண்டு. ஆனாலும் இன்றைய கருவிகளில் பெரும்பாலானவை நான்கு வட்டங்களைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்கின்றன. அங்கே மாணவர் எழுத இடமே இல்லை. ஆகவே அவர் எப்படித் தப்பாக யோசித்தார் என்பது பாடம் செய்தவருக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.