சிப்புக்குள் முளைக்கும் குருதிக்குழாய்

கனகராயன்குளத்து வயலுக்குத் துருசிலிருந்து வாய்க்கால் வெட்டுவது மனிதர். உடம்பிலோ, ஒட்சிசன் குறைந்த இழையம் வளர்ச்சிப் புரதம் ஒன்றைச் சுரக்க, அதன் செறிவு கூடும் திசையை நோக்கிக் குருதிக்குழாய் தானே முளைவிடுகிறது. அந்த முளைவிடுதலைக் கண்ணால் தொடரச் செய்ததே உறுப்பின் கலங்களைச் சிறு துண்டொன்றில் வளர்க்கும் உறுப்புச் சிப்பின் பெருமை என்பேன். 2013இல் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் நூ லீ ஜியோன் குழுவினர் சிலிக்கோன் றப்பர் துண்டில் நுண்கால்வாய்கள் அமைத்து, பைபிரின் கூழில் மனிதக் கலங்களை வளர்த்தனர். சில நாள்களில் திரவம் ஓடக்கூடிய குழாய் வலையே உருவானது. பைபிரின், காயத்தில் குருதி உறையும்போது உடம்பே நெய்யும் இழை. அந்தத் தேர்வில் தேர்ந்த கைவினைஞரின் நுணுக்கம் தெரிகிறது.

ஈரலும் ஓமோனும் இல்லாத துண்டு உடம்பாகுமா என்று கேட்பார்கள். ஆகாது. ஆனால் கோழிக் கருவிலும் எலியிலும் எல்லாம் ஒன்றாய்க் கலந்திருப்பதால், முளையை இழுத்தது இரசாயனமா, குருதியோட்டத்தின் விசையா என்று பிரித்தறிவது கடினம். சிப்பில் ஒன்றை நிறுத்தி மற்றதை மாற்றலாம், அதுவும் மனிதக் கலத்திலேயே. ஆறாத நீரிழிவுப் புண்ணில் குழாய்கள் போதாது, புற்றுக்கட்டியிலோ அவை மிகுதி. இரண்டுக்கும் மருந்து தேடுவோருக்கு இந்தப் பிரிப்பு இன்றியமையாதது. விலங்குச் சோதனையை இது அடியோடு விலக்கிவிடும் என்று நான் வாதிடவில்லை. அதற்கு முன்னே வரவேண்டிய சோதனை இது. புதிய மருந்துகளுக்கான விதிகளில் இந்தியா 2023இல் செய்த திருத்தம் உறுப்புச் சிப்புக்கும் இடம் கொடுத்திருக்கிறது.