கண்ணாடிக்கு மேலா, கீழா?

தஞ்சை வட்டாரத்துப் பழைய ஓட்டு வீடுகளில் முற்றம் வானம் பார்த்தே கிடந்தது. தாழ்வாரத்து ஓடுகள் கூடல்வாய் வழியே மழைநீரை அண்டாவில் கொட்டும். கூடத்துச் சூடு முற்றத்தின் வழியே மேலேறிப் போகும். திருடனுக்கும் குரங்குக்கும் பயந்து முதலில் கம்பி வந்தது. சாரலுக்குப் பயந்து பிறகு கண்ணாடியோ பாலிகார்பனேட் ஷீட்டோ வந்தது. அப்படி மூடிய வீடுகளில் சித்திரை மதியம் கூடத்தில் உட்கார முடிவதில்லை. இதற்குக் கடைக்காரர் சொல்லும் மருந்து ‘இன்சுலேஷன்’. நோய் அதுதானா என்று பார்க்க வேண்டும்.

பத்தடிக்கு எட்டடி முற்றம் என்று வைத்துக்கொள்வோம், ஏறத்தாழ 7.4 சதுர மீட்டர். தஞ்சாவூர் இருக்கும் அட்சரேகைக்குச் சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணி முதற்பாதியிலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். மேகமில்லாத நண்பகலில் சதுர மீட்டருக்குச் சுமார் 900 வாட் வெயில் விழும். தெளிந்த ஒற்றைக் கண்ணாடி அதில் 85 சதவீதம் அளவுக்கு உள்ளே விடும். மொத்தம் ஐந்தரைக் கிலோவாட்டுக்கு மேல். ஒன்றரை டன் ஏசி முழுமூச்சாக ஓடி வெளியேற்றும் வெப்பம் இது. வெளிக்காற்று உள்ளதைவிட ஆறு டிகிரி சூடாக இருந்தாலும், அந்த வித்தியாசத்தால் கண்ணாடி வழியே கடந்து வருவது கால் கிலோவாட்தான்.

இரட்டைக் கண்ணாடி இந்தக் கால் கிலோவாட்டைப் பாதியாக்கும்; வெயிலைத் தடுப்பதில் பத்து சதவீதம் போல மட்டுமே கூடுதல் பயன் தரும். குளிர்நாட்டில் வீட்டுச் சூட்டை வெளியே விடாமல் காக்கப் பிறந்த ஏற்பாடு அது. இங்கே சூரியன் போனபிறகு சுவரும் தளமும் உமிழும் சூட்டையும் அது பத்திரமாகக் காத்து வைக்கும். ஏசி போட்டு மூடிய அறைக்கு அதை வாங்கலாம். முற்றத்துக்குத் தண்டச் செலவு.

கண்ணாடிக்கு அடியில் தெர்மாக்கோல் ஒட்டுவது இன்னும் மோசம். வெளிச்சம் போய்விடும், இடையில் சிக்கிய சூட்டில் அட்டை நெளியும், கண்ணாடி விரிசல் விடவும் கூடும், தீப்பிடித்தால் தலைக்கு மேல் உருகி எரியும். பளபளப்பான சன் பிலிம் ஓரளவு உதவும். ஆனால் நெளிவுள்ள ஷீட்டில் ஒட்டாது. சுண்ணாம்பு அடிப்பதில் ஒரு நயம் உண்டு: பங்குனியில் பூசினால் ஐப்பசி மழையே பெரும்பகுதியைக் கழுவிவிடும். ஆனால் சுண்ணாம்பின் காரம் பாலிகார்பனேட்டை அரிக்கும். கண்ணாடியிலும் ஆண்டுதோறும் கறை சேரும்.

மீதி இருப்பது நர்சரிகளில் கட்டும் நிழல்வலை. கண்ணாடிக்கு அரை அடி மேலே, வெளியே கட்டும் 50 சதவீத வலை, வெயிலை உள்ளே நுழையுமுன்பே பாதியாக்கும். வலை வாங்கும் சூட்டை அந்த இடைவெளியில் ஓடும் காற்று அள்ளிப் போகும். கோடையில் வாசலுக்குக் கீற்றுப் பந்தல் போட்டவர்கள் அறிந்திருந்த சங்கதிதான். கீற்றுக்குள்ள எலித் தொல்லை வலைக்கு இல்லை. வெளிச்சம் சற்றுக் குறையும் என்பது உண்மை. சித்திரை வெயிலில் பாதியே வெற்றிலை நறுக்கவும் பேப்பர் படிக்கவும் தாராளம்.

வலை மட்டும் போதாது. சட்டத்தை ஒரு சாண் உயர்த்தி, நாலு பக்கமும் கொசுவலை அடித்து, ஷீட்டை ஒன்றரை அடி வெளியே நீட்ட வேண்டும். அடைபட்ட சூடு வெளியேற வேறு வழியில்லை. பலத்த காற்றில் சாரல் வராதா என்றால், வரும். விழுவது முற்றத்தில்தான், அங்கே வடிகால் முன்பே இருக்கிறது. காற்றுதான் மெய்யான ஆபத்து. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், டெல்டாவில் எத்தனையோ கூரைகளைப் பிய்த்தெறிந்தது. நீட்டிய ஷீட்டைக் காற்று கீழிருந்து தூக்கும். ஆகவே ரப்பர் வாஷர் போட்ட போல்ட்டை நெருக்கமாக முடுக்க வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் வலையைக் கழற்றிச் சுருட்டிப் பரணில் போட்டுவிட வேண்டும்.

ஆகவே தீர்ப்பு: பழைய கண்ணாடி விரிசலில்லாமல் இருந்தால் அப்படியே இருக்கட்டும். முதல் செலவு மேலே நிழலுக்கு. அடுத்தது பக்கத்தில் காற்று வழிக்கு. கண்ணாடிக்குக் கீழே எதையும் ஒட்ட வேண்டாம்.